வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரே இருந்த எழுத்து: பழைய படத்தொகுப்பு மென்பொருள்களும் புதிய இயங்குதளங்களும்

(சற்றே நீண்ட பதிவு. மொழியியல், ஊடகவியல், நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மாணவர்கள் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.)

1

2017 செப்டம்பர் 25 அன்று ஆப்பிள் நிறுவனம் ‘ஹை சியரா’ என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. அதைத் தம் கணினியில் நிறுவிக்கொண்ட படத்தொகுப்பாளர்கள் பலருக்கு ஓர் அறிவிப்பு காத்திருந்தது: ஃபைனல் கட் ப்ரோ 7 இனித் திறக்காது. முந்தைய நாள்வரை வேலை செய்த மென்பொருள் அது. அதில் உருவாக்கிய கோப்புகள் அனைத்தும் வன்தட்டில் அப்படியே இருந்தன. ஒரு பிட்டுக்கூடச் சிதையவில்லை. அவற்றை வாசிக்கத் தெரிந்த ஒரே நிரல் மட்டும் வாய் மூடிக்கொண்டது.

சுவடி அழிவைப் பற்றி நமக்குத் தெரியும். கரையான், இராமபாணப் பூச்சி, ஈரம், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட வழக்கம் என அதன் காரணங்களை அடுக்கலாம். அங்கெல்லாம் ஓலை போனது. எழுத்தை வாசிப்பவர்கள் இருந்தார்கள். இங்கே நிலைமை தலைகீழ். ஓலை முழுமையாக இருக்கிறது, வாசிப்பவர் இல்லை. சிந்துவெளி முத்திரைகளின் முன் நாம் நிற்பது போன்ற நிலை இது. ஆனால் இதற்கு நாலாயிரம் ஆண்டுகள் ஆகவில்லை. ஏழெட்டு ஆண்டுகளே போதுமானவையாக இருந்தன.

பழைய படத்தொகுப்பு மென்பொருளைப் புதிய இயங்குதளத்தில் எப்படியாவது ஓட்டிவிட முயல்வோரைக் கணினிப் பித்தர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர்கள் செய்ய முற்படுவது உண்மையில் ஒரு வாசிப்பு. அந்த முயற்சியின் வரலாறு, ஒரு பதிவு எப்போது எழுத்தாகிறது, எப்போது எழுத்தாக இருப்பதை நிறுத்துகிறது என்னும் கேள்விக்கு நம்மை இட்டுச்செல்கிறது. களப்பணியில் காணொளி எடுக்கும் ஒவ்வோர் ஆய்வாளரின் சான்றுகளும் இக்கேள்விக்கு உட்பட்டவையே.

2

முதலில் ஒரு தெளிவு வேண்டும். தொகுத்து முடித்த படம் வேறு. அதன் ‘திட்டக் கோப்பு’ வேறு. முடிந்த படத்தைப் பெரும்பாலும் எப்படியாவது ஓட்டிப் பார்த்துவிடலாம். திட்டக் கோப்பிலோ படமே இருப்பதில்லை. எந்த ஒளிநாடாவின் எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை எடுக்கப்பட்டது, அதற்கு முன்னும் பின்னும் எது வைக்கப்பட்டது, எந்த ஒலி எதன்மேல் படர்ந்தது, எது வெட்டி எறியப்பட்டது என்னும் முடிவுகளின் தொகுதியே அது.

பதிப்பியல் பயின்றவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். முடிந்த படம் அச்சிட்ட மூலபாடம் என்றால், திட்டக் கோப்பு அதன் பாடவேறுபாட்டுக் குறிப்பு. உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டு நூல்களைப் பதிப்பித்தபோது, எந்தப் பாடத்தைக் கொண்டார், எதை அடிக்குறிப்புக்கு அனுப்பினார் என்பதை நாம் அறிய முடிவதால்தான் அவருடைய முடிவுகளோடு இன்றும் உரையாட முடிகிறது. அக்குறிப்புகள் இல்லாத பதிப்பை நம்பலாம், சரிபார்க்க இயலாது. ஆவணப் படத்துக்கும் ஆய்வுக் காணொளிக்கும் இதே விதி பொருந்தும். நாற்பது மணிநேரப் பதிவிலிருந்து நாற்பது நிமிடம் எப்படிப் பிறந்தது என்பதற்குத் திட்டக் கோப்பே சாட்சி.

3

கணினி வழித் தொகுப்பின் வரலாறு 1971இல் வெளிவந்த சி.எம்.எக்ஸ். 600 என்னும் இயந்திரத்தோடு தொடங்குகிறது. சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனமும் மெமோரெக்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது அது. விலை ஏறத்தாழ 2,50,000 டாலர். திரையில் மங்கலான கறுப்பு வெள்ளைப் படம். ஒளிப்பேனாவால் தொட்டு வெட்ட வேண்டும். அந்த இயந்திரம் விரைவில் வழக்கொழிந்தது. ஆனால் அந்த நிறுவனத்தின் பிந்தைய இயந்திரங்கள் விட்டுச்சென்ற ஒரு சிறு மரபு இன்றும் வாழ்கிறது: ‘தொகுப்பு முடிவுப் பட்டியல்’. ஆங்கில முதலெழுத்துகளால் இதை இ.டி.எல். என்பார்கள்.

அப்பட்டியல் வெறும் எழுத்துக் கோப்பு. வரிசை எண், நாடாவின் பெயர், வெட்டா கரைவா என்பதைக் காட்டும் குறி, தொடங்கும் நேரக்குறி, முடியும் நேரக்குறி. ஒரு வெட்டுக்கு ஒரு வரி. சி.எம்.எக்ஸ். 3600 வடிவத்தில் 999 நிகழ்வுகளுக்கு மேல் இடமில்லை. நாடாவின் பெயருக்கு எட்டு எழுத்துகளே அனுமதி. வண்ணத் திருத்தமோ பல அடுக்குகளோ அதில் அடங்கா. ஏழ்மையான வடிவந்தான். ஆயினும் அதைக் கண்ணால் வாசிக்கலாம். தாளில் அச்சிட்டுக் கையால் நகலெடுக்கலாம். இன்றைய டாவின்சி ரிசால்வ் மென்பொருளிலும் திறக்கலாம்.

இந்த வரலாற்றின் விசித்திரம் இங்கேதான் இருக்கிறது. பழைய வடிவம் இன்றும் வாசிக்கப்படுகிறது. அதற்குப் பல பத்தாண்டுகள் பின்னர் வந்த, அதைவிடப் பன்மடங்கு வளமான வடிவங்கள் வாசிப்பாரின்றிக் கிடக்கின்றன. பொதுவான எழுத்தில் இருந்தது பிழைத்தது. ஒரு நிறுவனத்தின் நிரல் மட்டுமே அறிந்த எழுத்தில் இருந்தது அந்த நிரலோடு சேர்ந்து மூழ்கியது.

4

1989இல் மெக்கின்டாஷ் கணினியின்மேல் அமைந்த ‘ஏவிட்’ வந்தது. 1991இல் ஆப்பிளின் குவிக்டைமும், அதன் துணையோடு அடோபி பிரீமியரும் வந்தன. முதல் பிரீமியர் கையாண்ட படத்தின் அளவு 160க்கு 120 புள்ளிகள். அஞ்சல்தலை அளவு என்று அக்காலத்தவர் கேலி செய்தனர். பிரீமியரின் முதல் பதிப்புகளை எழுதிய ராண்டி உபில்லோஸ் பின்னர் மேக்ரோமீடியா நிறுவனத்துக்குச் சென்று ‘கீகிரிப்’ என்னும் புதிய மென்பொருளைத் தொடங்கினார். மேக்ரோமீடியாவால் அதைச் சந்தைக்குக் கொண்டுவர இயலவில்லை. 1998இல் ஆப்பிள் அதை வாங்கியது. 1999 ஏப்ரலில் அது ஃபைனல் கட் ப்ரோ என்னும் பெயரில் 999 டாலர் விலையில் வெளிவந்தது.

அந்த விலையை அது வந்த காலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1995இல் டி.வி. என்னும் எண்ணிம நாடா வடிவம் வந்திருந்தது. உள்ளங்கையில் அடங்கும் மினி டி.வி. நாடா, ஃபயர்வயர் என்னும் ஒற்றைக் கம்பி. நொடிக்கு 25 மெகாபிட் வேகத்தில், ஒரு மணிநேரப் பதிவு ஏறத்தாழ 13 கிகாபைட்டாகக் கணினிக்குள் இறங்கியது. ஒரு நல்ல ஒளிப்படக்கருவி, ஒரு கணினி, ஒரு மென்பொருள் ஆகிய மூன்றும் இருந்தால் படம் எடுக்கலாம் என்னும் நிலை முதன்முறையாகத் தனியாளுக்கும் பல்கலைக்கழகத் துறைக்கும் கைகூடியது.

திரையுலகமும் அதை ஏற்றது. வால்டர் மர்ச் 2003இல் வெளிவந்த ‘கோல்ட் மவுன்டன்’ படத்தை ஃபைனல் கட்டில் தொகுத்து, ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். 2011 பிப்ரவரியில் ‘த சோசியல் நெட்வொர்க்’ படத்துக்குச் சிறந்த படத்தொகுப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது. அதுவும் ஃபைனல் கட்டில் தொகுத்ததே.

நான்கே மாதங்களில் அந்த மென்பொருளின் வழிமுறை முடிவுக்கு வந்தது.

5

2011 ஜூன் 21 அன்று ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் வந்தது. விலை முன்பைவிட மிகக் குறைவு, 64 பிட் கட்டமைப்பு, வேகமும் மிகுதி. ஆனால் அதன் முன்னோடியில் உருவாக்கிய திட்டக் கோப்புகளை அதனால் திறக்க இயலவில்லை. உலகெங்கும் படத்தொகுப்பாளர்கள் கொதித்தெழுந்தனர்.

இதை நிறுவனத்தின் அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பழைய ஃபைனல் கட், தடங்களின் அடிப்படையில் இயங்கியது. முதல் தடம், இரண்டாம் தடம் என்று அடுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் முழுமையான காலவிடத்தைக் குறித்தது. புதியதில் தடங்களே இல்லை. ஒரு மையக் கதையோட்டம் உண்டு. பிற துண்டுகள் அதனோடு ஒட்டிக்கொண்டு, அது நகர்ந்தால் தாமும் நகரும். ஒன்றில் ஒரு துண்டின் இடத்தைக் கடிகாரம் தீர்மானிக்கிறது; மற்றொன்றில் அண்டைத் துண்டோடு அதற்குள்ள உறவு தீர்மானிக்கிறது. மொழியியல் வழக்கில் சொன்னால், மாறியது சொற்றொகுதி அன்று; தொடரியலே மாறிவிட்டது. சொல்லுக்குச் சொல் வைத்து இதை மொழிபெயர்க்க இயலாது.

பின்னர் வேறொரு நிறுவனம் ஒரு மொழிபெயர்ப்புக் கருவியை உருவாக்கியது. பழைய மென்பொருள் தன் தொகுப்பை எக்ஸ்.எம்.எல். என்னும் எழுத்து வடிவில் வெளியிட்டால், அதை அக்கருவி புதிய இலக்கணத்துக்கு மாற்றித் தந்தது. ஆனால் எக்ஸ்.எம்.எல். வெளியிட வேண்டுமானால் பழைய மென்பொருள் முதலில் திறக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் காத்திருக்கிறார், தகவலாளர் உயிரோடு இருக்கும்வரைதான் அவரால் பயன். 2011க்குப் பிறகும் பலர் பழைய இயங்குதளத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து வந்த இரண்டு நாள்களை வரலாற்று மாணவர் வேறுபடுத்திக் காண வேண்டும். ஒன்று, மேலே சொன்ன 2017இன் ஹை சியரா. மற்றொன்று, 2019 அக்டோபர் 7 அன்று வந்த ‘கேட்டலினா’. கேட்டலினா 32 பிட் நிரல்கள் அனைத்தையும் நிறுத்தியது. ஃபைனல் கட் 7 ஒரு 32 பிட் நிரல். அது நம்பியிருந்த பழைய குவிக்டைம் கட்டமைப்பும் அப்படியே. அவை நின்ற தரையே அகற்றப்பட்டது. அதன்பின் எந்தத் தந்திரமும் உதவவில்லை.

ஹை சியராவின் கதை வேறு. அங்கே 32 பிட் நிரல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. ‘ரெட்ரோஆக்டிவ்’ என்னும் திறந்த மூலக் கருவி, பழைய ஃபைனல் கட்டில் சில மாற்றங்களைச் செய்து, ஹை சியராவிலும் அடுத்து வந்த ‘மொஹாவி’யிலும் அதை ஓடச்செய்தது. அதாவது, 2017இல் நிகழ்ந்தது மென்பொருளின் மரணமன்று, ஆதரவின் முடிவு. 2019இல் நிகழ்ந்ததே மரணம். இரண்டுக்கும் நடுவே இரண்டு ஆண்டு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை அறிந்து பயன்படுத்தியவர்கள் தம் கோப்புகளை எழுத்து வடிவுக்கு மாற்றிக்கொண்டனர். ‘திறக்காது’ என்ற அறிவிப்பையே இறுதி என்று நம்பியவர்கள் இழந்தனர். ‘வழக்கொழிந்தது’ என்னும் ஒற்றைச் சொல் இத்தகைய வேறுபாடுகளை மூடிவிடுகிறது.

6

ஆப்பிளின் வழி ஒன்று. மைக்ரோசாஃப்டின் வழி மற்றொன்று. விண்டோஸ் 95 உருவான காலத்துக் கதை ஒன்றை ஜோயல் ஸ்போல்ஸ்கி 2004இல் எழுதிய கட்டுரை பரவலாக்கியது. ‘சிம்சிட்டி’ என்னும் விளையாட்டில் ஒரு பிழை இருந்தது. விடுவித்துவிட்ட நினைவகத்தையே அது மீண்டும் வாசித்தது. பழைய விண்டோஸில் அந்தப் பிழை தொல்லை தரவில்லை. புதியதில் நிரல் நிலைகுலைந்துவிடும். மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் இயங்குதளத்துக்குள்ளேயே ஒரு விதிவிலக்கை எழுதினார்கள்: சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார், ஓடினால் நினைவகத்தை உடனே விடுவிக்காதே. விருந்தாளியின் பழக்கத்துக்கு ஏற்ப வீட்டையே மாற்றிக் கட்டிய கதை இது.

அந்தத் தாராளத்துக்கும் எல்லை இருந்தது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டாது. இதனால் விளைந்த சிக்கல் ஒன்று தனியே குறிப்பிடத் தக்கது. 1990களின் பிற்பகுதியில் வந்த பல மென்பொருள்கள் தாம் 32 பிட்டாக இருந்தும், அவற்றை நிறுவும் நிரல் மட்டும் 16 பிட்டாக இருந்தது. வீடு உறுதியாக நிற்கும்; வாசற்கதவு துருப்பிடித்துத் திறக்காது. அப்படிப்பட்ட நிறுவு நிரல்களில் சிலவற்றை அடையாளங்கண்டு, அவற்றுக்குப் பதிலாகப் புதியனவற்றை இயக்கும் ஏற்பாட்டையும் மைக்ரோசாஃப்ட் செய்தது. 2009இல் வந்த விண்டோஸ் 7இன் உயர் பதிப்புகளில், உள்ளுக்குள் ஒரு முழு விண்டோஸ் எக்ஸ்.பி.யையே மெய்நிகர் இயந்திரமாக ஓட்டும் வசதியைத் தந்தது. கணக்கியல் மென்பொருளுக்கு அது போதும். காட்சி அட்டையின் முழு ஆற்றலையும் ஃபயர்வயர் துளையையும் நேரடியாகக் கோரும் படத்தொகுப்பு மென்பொருளுக்கு அது பெரிதும் உதவவில்லை. பழைய மென்பொருள் வகைகளுள் படத்தொகுப்பு முதலில் வீழ்வதற்குக் காரணம் இதுவே. அது இயங்குதளத்தை மட்டும் நம்பி வாழ்வதில்லை. காட்சி அட்டை, கோடெக், கம்பி, உரிமச் சரிபார்ப்பு எனப் பல தூண்களின்மேல் நிற்கிறது. ஒரு தூண் சாய்ந்தால் போதும்.

கோடெக் தூண் சாய்ந்த நாள் நமக்குத் தெரியும். 2016 ஏப்ரலில் விண்டோஸுக்கான குவிக்டைமில் இரண்டு பாதுகாப்புக் குறைகள் கண்டறியப்பட்டன. ஆப்பிள் அதற்கு இனித் திருத்தம் தராது என்றானதும், அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பே அதை நீக்கிவிடும்படி அறிவுறுத்தியது. அதே சமயம், சில கோடெக்குகளுக்கு அடோபியின் மென்பொருள்கள் அந்தக் குவிக்டைமையே நம்பியிருந்தன. வைத்திருந்தால் ஆபத்து, நீக்கினால் பழைய படம் திறக்காது.

உரிமத் தூணின் கதை இன்னும் கசப்பானது. அடோபியின் சி.எஸ். 2 தொகுதியை நிறுவியபின், அது நிறுவனத்தின் வழங்கிக் கணினியோடு பேசி ஒப்புதல் பெற வேண்டும். அந்த வழங்கி 2012 டிசம்பர் வாக்கில் நிறுத்தப்பட்டது. உரிமம் பெற்றவர்களுக்கென ஒப்புதல் தேவைப்படாத மாற்றுப் பதிப்பை அடோபி தந்தது, அது பாராட்டத்தக்கதே. ஆனாலும், விலை கொடுத்து வாங்கிய ஒன்று தொலைதூரத்துக் கணினி ஒன்றின் உயிரோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது அன்று வெளிச்சமாயிற்று. 2013இல் அடோபி சந்தா முறைக்கு முழுமையாக மாறியபின் வாங்குதல் என்னும் சொல்லே பொருளிழந்தது.

எந்த வழி நல்லது என்று எளிதில் தீர்ப்புச் சொல்ல இயலாது. பழையதைச் சுமப்பவன் அதன் பிழைகளையும் பாதுகாப்பு ஓட்டைகளையும் சேர்த்தே சுமக்கிறான். உதறுபவன் விரைந்து முன்னேறுகிறான். ஆனால் உதறுவதன் செலவை யார் ஏற்கிறார் என்று கேட்கலாம். பெரும்படக் கூடம் புதிய இயந்திரம் வாங்கிவிடும். ஒரு பல்கலைக்கழகத் துறை, ஓர் உதவித்தொகை மாணவர், ஒரு சிற்றூர் ஆவணக் குழு என்ன செய்யும்?

7

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷன் வழியாக நாடு தழுவிய வகுப்பறை ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்காகப் புணே, ஐதராபாத், அகமதாபாத், மதுரை, சென்னை முதலிய இடங்களில் ஊடக மையங்கள் எழுந்தன. அவை நாடாவிலிருந்து நாடாவுக்கும், பின்னர் நாடாவிலிருந்து கணினிக்கும் மாறின. 2000களில் மினி டி.வி. கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு களத்துக்குச் சென்ற மொழியியல் ஆய்வாளர்களின் தலைமுறையும் உருவாயிற்று. 2010 ஜனவரியில் மூதாட்டி போவா மறைந்தபோது, அந்தமானின் ‘போ’ மொழியைப் பேச எவரும் எஞ்சவில்லை. அன்விதா அபியும் குழுவினரும் அதற்கு முன்பே செய்திருந்த பதிவுகள் வழியாகத்தான் இன்று அம்மொழியைக் கேட்க முடிகிறது. 2013இல் மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டத்தை ஏற்றது. இத்தகைய பதிவுகளில் மறுபதிவு என்பதே கிடையாது. பேசியவர் இல்லை.

தமிழருக்கு இதில் தனியே ஓர் இடர் உண்டு. அக்காலப் படத்தொகுப்பு மென்பொருள்களின் தலைப்புக் கருவிகள் ஒருங்குறித் தமிழைச் சரியாகக் கோக்கவில்லை. கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும். ஆகவே துணைத்தலைப்புகளைப் பாமினி முதலிய 8 பிட் எழுத்துருக்களில் தட்டெழுதினர். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது; பழைய எழுத்துருக்கள் மெல்ல மறைந்தன. இன்று அத்தகைய திட்டக் கோப்பு ஒன்றை அரும்பாடுபட்டுத் திறந்தாலும், எழுத்துரு இல்லையேல் துணைத்தலைப்பின் இடத்தில் ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற சிதறலே தெரியும். ஒரு பூட்டுக்குள் மற்றொரு பூட்டு. ஒரு வழக்காற்றுச் சொல்லை ஆய்வாளர் எப்படி எழுதினார், எப்படிப் பொருள் கொண்டார் என்பது அந்தச் சிதறலுக்குள் கிடக்கிறது. எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றியெழுத வழி உண்டு. பெயரைக் குறித்துவைத்தவர் யார்?

சட்டம் நமக்கு முற்றிலும் எதிரி அன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மென்பொருளை முறையாகப் பெற்றிருப்பவர் அது வழங்கப்பட்ட நோக்கத்துக்காக அதைப் படியெடுக்கவும் தழுவியமைக்கவும் இடமளிக்கிறது. வேறு நிரலோடு அதை ஒத்தியங்கச் செய்யத் தேவையான தகவல் எளிதில் கிடைக்காதபோது, அதைப் பெறுவதற்கான செயல்களையும் 1999இன் திருத்தம் அனுமதித்தது. 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கினாலும், உரிமையை மீறும் நோக்கத்தோடு அதை இணைத்துப் பேசுகிறது. தம் சொந்தக் களப்பதிவைத் திறக்க முயலும் ஆய்வாளரைத் திருடரோடு ஒரே தட்டில் வைக்கும் வாசகம் அங்கில்லை. பல்கலைக்கழக நூலகங்களும் சட்டத் துறைகளும் இவ்விதிகளை வாசித்து, ஆய்வாளர்களுக்குத் தெளிவான வழிகாட்டுதல் தரலாம்.

8

மொழியியல் துறைக்குள்ளேயே நம்பிக்கை தரும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் உருவாக்கிய ‘ஈலன்’ மென்பொருளை நம்மில் பலர் அறிவோம். காணொளியின் எந்த நொடியில் எந்தச் சொல் ஒலித்தது என்று அடுக்கடுக்காகக் குறித்துவைக்கும் கருவி அது. அதன் பழைய பதிப்புகள் மேக் கணினியில் காணொளியை ஓட்டக் குவிக்டைமைச் சார்ந்திருந்தன. குவிக்டைம் சாய்ந்தபோது ஈலனும் தடுமாறியது. உருவாக்கியவர்கள் வேறு காணொளி இயக்கிகளை எழுதிச் சேர்த்தார்கள். ஆனால் நம் குறிப்புகளுக்கு எதுவும் நேரவில்லை. காரணம், அவை தொடக்கத்திலிருந்தே எக்ஸ்.எம்.எல். என்னும் எழுத்து வடிவில் எழுதப்பட்டவை. ஈலனே நாளை இல்லாமற்போனாலும், ஒரு சாதாரண எழுத்துத் தொகுப்பியில் அக்கோப்பைத் திறந்து, நேரத்தையும் சொல்லையும் வாசிக்கலாம்.

சி.எம்.எக்ஸ். பட்டியலும் ஈலன் கோப்பும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. எழுதியவர் இல்லாத இடத்தில், எழுதிய கருவி இல்லாத காலத்தில், மூன்றாமவர் ஒருவர் வாசிக்க முடிவதே எழுத்து. அந்த அளவுகோலில் பார்த்தால் நம் வன்தட்டுகளில் இருப்பவற்றுள் பெரும்பகுதி இன்னும் எழுத்தாகவில்லை.

9

எனவே சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

பல துறை ஆய்வகங்களின் மூலையில் ‘அணைக்கக் கூடாது’, ‘புதுப்பிக்கக் கூடாது’ என்று தாள் ஒட்டிய ஒரு பழைய கணினி இருக்கும். பழம்பொருள் கழிப்பில் அது போவதற்கு முன்பாக ஒரு மாதம் அதற்குத் தாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு திட்டக் கோப்பையும் திறந்து எக்ஸ்.எம்.எல். வடிவிலும் இ.டி.எல். வடிவிலும் வெளியிடுங்கள். பல அடுக்குகள், விளைவுகள், தலைப்புகள் ஆகியவற்றுள் சில இதில் உதிரும். எலும்புக்கூடாவது மிஞ்சும், பிற்கால ஆய்வாளர் அதிலிருந்து உடலை ஊகிக்க முடியும்.

பழைய கோடெக்குகளில் உள்ள காணொளிகளை மாற்றிவைக்கலாம். 2000இல் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்.எஃப்.எம்பெக் என்னும் திறந்த மூலக் கருவி, ஆப்பிளே கைவிட்ட சோரன்சன், சினிபேக் முதலிய கோடெக்குகளையும் இன்றுவரை வாசிக்கிறது. மூலக் கோப்பை அழிக்காமல் மாற்றுப் படியை அதன் அருகில் வையுங்கள்.

கோப்போடு ஒரு குறிப்பேட்டையும் வையுங்கள்: மென்பொருளின் பெயர், பதிப்பு எண், இயங்குதளம், எழுத்துரு, நாடாக்களின் வரிசை. நம் ஏடெழுதியவர்கள் பலர் இறுதி ஏட்டில் ஆண்டும் நாளும் எழுதி முடித்த விவரமும் குறித்தார்கள். சுவடியியல் அவற்றை இன்று பொன்போல் போற்றுகிறது. நம் கோப்புகளுக்கும் அத்தகைய இறுதிக் குறிப்பு வேண்டும்.

கடைசியாக, பல்கலைக்கழகங்களுக்கு ஒன்று. 2009இன் மானியக் குழு விதிமுறைகளுக்குப் பின் ஆய்வேடுகள் மின்வடிவில் சேர்ப்பிக்கப்படுகின்றன. ‘சோத்கங்கா’ தளத்தில் எவரும் வாசிக்கலாம். அது இந்திய ஆய்வுலகின் பெரும்பேறு. ஆனால் ஆய்வேட்டின் நான்காம் இயல் ஒரு காணொளியைச் சான்றாகக் காட்டும்போது, அக்காணொளி எங்கே இருக்கிறது? அதிலிருந்து ஒரு நிமிடத்தை வெட்டி எடுத்த முடிவுகள் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் ஆய்வாளரின் மடிக்கணினியில், அவர் அன்று வைத்திருந்த மென்பொருளின் தனியெழுத்தில். சான்றைத் திறக்க இயலாத ஆய்வேடு அடிக்குறிப்பு உதிர்ந்த பதிப்பைப் போன்றது. ஆய்வேட்டோடு மூலக் காணொளியையும் எழுத்து வடிவிலான தொகுப்புப் பட்டியலையும் துறை நூலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும் என்னும் ஒரு வரியை விதிகளில் சேர்த்தால் போதும்.

உங்கள் துறைகளில் அத்தகைய பழைய கணினி ஏதேனும் இன்னும் உயிரோடு இருந்தால், அதில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த மொழியின் பதிவுகள் இருக்கின்றன என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஒரு பட்டியலாகத் தொகுக்கலாம். எங்கே எவரிடம் ஓடும் நிலையில் ஒரு பழைய இயந்திரம் இருக்கிறது என்று தெரிந்தால், வேறொரு பல்கலைக்கழகத்தில் திறக்காமல் கிடக்கும் கோப்பை அங்கே அனுப்பிவைக்க முடியும்.